மேடு ஏறினால் ஏ.சி. காற்று கண்ணாடிக்கு ஓடுகிறதா? கேஸ் நிரப்பும் முன் இதைப் பாருங்க!

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து ராக்கி மலைகளை நோக்கி ஏறும் ஐ-70 நெடுஞ்சாலை. கோடை வெயில். இருபது வயதைத் தாண்டிய ஒரு பிக்-அப் டிரக். சமதளத்தில் முகத்துக்கு நேரே ஜில்லென்று வீசிய ஏ.சி. காற்று, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் காணாமல் போகிறது. கையை நீட்டிப் பார்த்தால், அதே ஜில் காற்று முன்கண்ணாடியின் அடியிலிருந்து வருகிறது. ஏற்றம் முடிந்து காலை எடுத்ததும் மீண்டும் முகத்துக்கே திரும்பிவிடுகிறது.

'கேஸ் தீர்ந்துபோச்சு போல' என்று ஒர்க்ஷாப்புக்குப் போனால் செலவுதான் மிச்சம். காற்றின் குளிர்ச்சி குறையவில்லை. அது போகும் வழிதான் மாறியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒரு மெல்லிய குழாயில் விழுந்த விரிசல். இதற்குப் பெயர் வேக்குவம் லீக்.

ஏ.சி.க்கும் வேக்குவத்துக்கும் என்ன சம்பந்தம்?

டாஷ்போர்டுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. பழைய கார்கள் பலவற்றில் இந்தக் கதவுகளை இழுப்பது என்ஜினின் உறிஞ்சுசக்தி. பெட்ரோல் என்ஜின் காற்றை உள்ளிழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது. அந்த வேக்குவம் மெல்லிய குழாய்கள் வழியாக டாஷ்போர்டுக்குள் போய், ரப்பர் சவ்வு கொண்ட ஆக்சுவேட்டரை இழுக்கிறது. அதோடு கதவும் நகர்கிறது.

கடல்மட்டப் பகுதியில் ஐட்லிங்கில் இந்த வேக்குவம் சுமார் 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவு இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் ஒரு சேமிப்பு டப்பாவும், வேக்குவம் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வும் இருக்கின்றன. எங்காவது லீக் இருந்தால் டப்பா சீக்கிரம் காலியாகிவிடும். மேடு ஏறும்போது மட்டும் கோளாறு தலைகாட்டுவது இதனால்தான்.

காற்று ஏன் கண்ணாடிக்கே போகிறது?

இது தற்செயல் அல்ல. வேக்குவம் போனால் ஸ்பிரிங் கதவைத் தள்ளி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். முகத்தில் காற்று படாவிட்டால் வியர்க்கும், அவ்வளவுதான். பனிக்காலத்தில் கண்ணாடி மூடிக்கொண்டால் சாலையே தெரியாது. கண்ணாடியின் பனியையும் நீராவியையும் நீக்கும் வசதி கட்டாயம் என்று அமெரிக்காவின் 103-ம் எண் வாகனப் பாதுகாப்பு விதி சொல்கிறது. எது கெட்டாலும் டிரைவரின் பார்வை கெடக் கூடாது என்பதே கணக்கு.

எந்தக் கார்களில் வரும்?

1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்லர், 1997-2003 காலத்து ஃபோர்டு எஃப்-150 போன்றவை இந்த வகை. மெர்சிடிஸின் பழைய டபிள்யூ123 டீசல் கார்களில் வேக்குவத்துக்கென்றே தனி பம்ப் உண்டு. ஏ.சி. கதவுகள் மட்டுமல்ல, சென்ட்ரல் லாக்கும் என்ஜினை நிறுத்தும் அமைப்பும்கூட அதை நம்பியே இயங்கும். லீக் பெரிதானால் சாவியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்!

இன்று நம்மூரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இந்த வேலையைக் கேபிளோ சிறிய மின்மோட்டாரோ செய்கிறது. அவற்றில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் அது மோட்டார் கியரின் பிரச்னையாக இருக்கலாம். இந்தக் கதை பொருந்தாது.

லீக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

* அறிகுறியைக் கவனியுங்கள்: மேட்டில் மட்டும் மாறினால் செக் வால்வு, சேமிப்பு டப்பா அல்லது சின்ன லீக். எப்போதும் கண்ணாடிக்கே போனால் முக்கியக் குழாய் கழன்றிருக்கலாம், உடைந்திருக்கலாம். ஒரே ஒரு திசை மட்டும் வேலை செய்யாவிட்டால், அதற்குரிய குழாயோ ஆக்சுவேட்டர் சவ்வோ கிழிந்திருக்கலாம்.
* காதைக் கொடுங்கள்: என்ஜின் ஐட்லிங்கில் இருக்க, ப்ளோயரைக் குறைத்து, காற்றின் திசையை மாற்றும் திருகை ஒவ்வொரு நிலையாகத் திருப்புங்கள். 'உஸ்ஸ்' என்று விடாமல் கேட்கும் நிலைதான் துப்பு.
* பானெட்டைத் திறங்கள்: என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து டாஷ்போர்டு பக்கம் போகும் மெல்லிய குழாயை முழுவதும் பாருங்கள். பேட்டரி அருகே, சூடான பாகங்களின் அருகே, ரப்பர் முனைகளில்தான் விரிசல் அதிகம்.
* செக் வால்வைக் கழற்றி ஊதுங்கள்: ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் மாற்ற வேண்டியதுதான்.
* கை வேக்குவம் பம்ப்: மீட்டருடன் வரும் இதை ஒவ்வொரு பகுதியாக இணைத்து 15 முதல் 20 அங்குலம் வரை இழுங்கள். ஒரு நிமிடம் முள் அசையாவிட்டால் அந்தப் பகுதி சரி. முள் இறங்கும் இடத்தில்தான் லீக்.

சரிசெய்வது?

உடைந்த பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளையும் சீராக வெட்டி, அவற்றின் மேல் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் வேக்குவம் ஹோஸைச் செருகினாலே போதும். இன்சுலேஷன் டேப், பசை எல்லாம் என்ஜின் சூட்டில் நிற்காது. காய்ந்த ரப்பர் முனைகளை ஒட்டப் பார்க்காமல் புதிதாகவே மாற்றிவிடுங்கள். ஆக்சுவேட்டர் சவ்வு கிழிந்திருந்தால் மட்டும் வேலை பெரிது. சில மாடல்களில் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும். ஏர்பேக் இருப்பதால் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அலட்சியம் வேண்டாம்

வேக்குவம் லீக் வழியாக என்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று புகும். ஐட்லிங் தடுமாறலாம், 'செக் என்ஜின்' விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0171 போன்ற கோடு காட்டலாம். இன்னொன்று முக்கியம்: பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டரும் இதே வேக்குவத்தில்தான் இயங்குகிறது. ஏ.சி. கோளாறோடு பிரேக் பெடலும் கல்லு மாதிரி இறுகினால், வண்டியை ஓட்டாமல் உடனே காட்டுங்கள்.

ஒர்க்ஷாப்பில் 'கேஸ் போடணும்' என்றால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "காத்து ஜில்லுன்னுதானே வருது, அப்புறம் எதுக்கு கேஸ்?"