பந்து வீச்சாளர் ஏன் ஊருக்குத் திரும்பினார்?

திருவல்லிக்கேணியில் கிரிக்கெட் பேசாத டீக்கடை கிடையாது.

பார்த்தசாரதி கோவில் குளத்தில் தொடங்கி, பாரதி சாலை வழியாகச் சேப்பாக்கம் மைதானம் வரை நடந்து பாருங்கள். (பைகிராப்ட்ஸ் ரோடு என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும்.) சந்துக்குச் சந்து பையன்கள் மட்டையும் கையுமாக நிற்பார்கள். மேன்ஷன்களில் தங்கியிருக்கும் வாலிபர்கள் மாடிப் படியில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசிக்கொண்டிருப்பார்கள்.

2025 ஏப்ரலில் இவர்கள் எல்லோரையும் ஒரு கேள்வி குடைந்தது.

"ரபாடா எங்கே போனார்?"

ககிசோ ரபாடா தென்னாப்பிரிக்காக்காரர். உலகத்தின் தலைசிறந்த வேகப் பந்து வீச்சாளர்களில் ஒருவர். ஐ.பி.எல். ஏலத்தில் குஜராத் அணி அவரை 10 கோடியே 75 லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்திருந்தது. இரண்டே இரண்டு ஆட்டம்தான் ஆடினார். ஏப்ரல் 3-ந் தேதி, சொந்தக் காரியமாக ஊருக்குப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான். மனிதரைக் காணோம்.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பலர் பரிதாபப்பட்டார்கள். ஒரு மாதம் ஓடிற்று. மே 3-ந் தேதி ரபாடாவே உண்மையைச் சொன்னார். லாகிரி வஸ்து உட்கொண்டது பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அதனால்தான் ஆடவில்லை. எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்றார்.

அந்தச் சோதனை நடந்தது இந்தியாவில் அல்ல. ஜனவரி மாதம், அவருடைய சொந்த நாட்டு லீக் போட்டியின்போது.

இரண்டு புட்டிகள்

சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? ஆட்டம் முடிந்ததும் ஓர் ஆள் ஆட்டக்காரர் பக்கத்தில் வந்து நிற்பார். "உங்களைச் சோதிக்க வேண்டும்" என்பார். அந்த நிமிஷம் முதல் ஆட்டக்காரர் அவர் கண்ணிலிருந்து மறையக்கூடாது. பரிசு வாங்கப் போனாலும், குளிக்கப் போனாலும் நிழல்போல் கூடவே வருவார்.

பிறகு சிறுநீர் கொடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடுக்க வேண்டும்! வெட்கப்பட்டால் நடக்காது. வெயிலில் ஆடி வியர்வை கொட்டியவருக்கு 90 மில்லி சுலபத்தில் வராது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. உலகக் கோப்பையைத் தூக்கினவராக இருந்தாலும் அந்த அறையில் அவர் ஒரு புட்டி நிரப்ப வந்த ஆள்தான்.

கொடுத்ததை இரண்டு புட்டிகளில் பிரித்து ஊற்றி முத்திரை வைப்பார்கள். ஒன்று 'ஏ', மற்றது 'பி'. புட்டியின்மேல் பெயர் இருக்காது, எண் மட்டுமே. 'ஏ' புட்டியில் குற்றம் தெரிந்தால், ஆட்டக்காரர் 'பி' புட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லலாம். யாரோ வேண்டாதவர் எதையோ கலந்துவிட்டார் என்று வீண் பேச்சு வரக்கூடாது அல்லவா?

இந்திய கிரிக்கெட் வாரியம் வெகு காலம் அரசாங்கத்தின் சோதனையை ஏற்கவில்லை. எங்கள் ஆட்டக்காரர்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றது. 2019 ஆகஸ்டில்தான் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்குத் தலை வணங்கியது.

தண்டனை ஒரு மாதமா?

ரபாடாவுக்குக் கிடைத்த தண்டனை ஒரு மாதம். அதை ஊரில் இருந்தபடியே கழித்துவிட்டார். மே மாதம் மறுபடி பந்தைப் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் உலக டெஸ்ட் இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவின் ஒன்பது விக்கெட்டுகளைச் சாய்த்தார்! தென்னாப்பிரிக்கா ஜெயித்தது.

பாரதி சாலை டீக்கடையில் ஒரு பெரியவர் இதைக் கேட்டுக் கொதித்துப் போனார்.

"ஏன் தம்பி, நம்ம வீட்டுப் பையன் கஞ்சாப் பொட்டலத்தோட பிடிபட்டா போலீஸ் ஸ்டேஷன். கோடி ரூபா வாங்குறவனுக்கு ஒரு மாசம் லீவா? இது என்ன நியாயம்?"

கேள்வி நியாயமானதுதான். பதிலைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

விளையாட்டு உலகம் மருந்துகளை இரண்டாகப் பார்க்கிறது. பலம் ஏறுவதற்காகச் சாப்பிடுவது ஒன்று. அது ஏமாற்று. வேண்டுமென்று ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு நான்கு ஆண்டு வரை தடை விழும். மற்றது, போதைக்காகச் சாப்பிடுவது. கொகெயின், ஹெராயின், கஞ்சா ஆகியவை இந்த ரகம். இவற்றால் யாரும் வேகமாகப் பந்து வீசிவிட முடியாது. கெடுவது அவருடைய உடம்பும் குடும்பமும்தான்.

ஆகவே 2021-ம் ஆண்டில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு விதியை மாற்றிற்று. ஆட்டம் இல்லாத சமயத்தில் போதைக்காக உட்கொண்டார், ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிரூபித்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சைக்கு ஒழுங்காகப் போனால் அது ஒரு மாதமாகக் குறையும். ரபாடா சிகிச்சைக்குப் போனார்.

கோடீசுவரருக்கு என்று தனி விதி இல்லை. கூலி வேலை செய்துகொண்டே ஓட்டப் பந்தயத்தில் ஓடும் பெண்ணுக்கும் இதே விதிதான். ஆனால் அவளுக்கு வக்கீல் யார், டாக்டர் யார் என்று கேட்டால் அங்கேதான் இடிக்கிறது.

அமெரிக்காவில் போட்ட ஒப்பந்தம்

தண்டனையோடு வைத்தியத்தையும் சேர்க்கும் யோசனை புதியது அல்ல. 1983-லேயே அமெரிக்கக் கூடைப்பந்து லீகும் ஆட்டக்காரர் சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தானாக வந்து "எனக்குப் போதைப் பழக்கம் இருக்கிறது" என்று சொல்பவருக்கு முதல் தடவை சிகிச்சையும் உண்டு, சம்பளமும் உண்டு. இரண்டாம் தடவை சிகிச்சை உண்டு, சம்பளம் இல்லை. மூன்றாம் தடவை வெளியேற்றம். இரண்டு ஆண்டு கழித்து வேண்டுமானால் மனுப் போடலாம்.

மைக்கேல் ரே ரிச்சர்ட்சன் என்ற பிரபல ஆட்டக்காரர் 1986-ல் அப்படி வெளியேற்றப்பட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கிறிஸ் ஆண்டர்சன் என்பவரும் வெளியே போனார். இவர் 2008-ல் திரும்பி வந்தார். 2013-ல் சாம்பியன் பட்டம் வாங்கிய மியாமி அணியில் ஆடினார்.

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் டோனி ஆடம்ஸின் கதை வேறு. அவரைப் பிடித்தது சாராயப் பிசாசு. ஆர்சனல் அணியின் தலைவராக இருந்தபோதே குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சிறைக்குப் போனார். 1996-ல், "நான் குடிக்கு அடிமை" என்று ஊரறியச் சொன்னார். குடியை விட்டார். பிறகு 1998-லும் 2002-லும் அவர் தலைமையில் ஆர்சனல் லீக் பட்டத்தை வென்றது. தம்மைப்போல் தவிக்கும் விளையாட்டு வீரர்களுக்காக 2000-ல் ஒரு சிகிச்சை நிலையமே தொடங்கிவிட்டார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மது இன்று உலகத் தடைப் பட்டியலில் இல்லை. சில விளையாட்டுகளுக்கு மட்டும் இருந்த தடையையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். புட்டியில் கஞ்சாவைத் தேடுகிறவர்கள் பிராந்தியைத் தேடுவதில்லை. தேடினால் சங்கடம் யாருக்கு? 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது ஓர் அணிக்கு விஸ்கியின் பெயரையே சூட்டினார்கள்! மது, புகையிலை விளம்பரங்கள் மறைமுகமாகக்கூட வரக்கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2025 மார்ச்சில் ஐ.பி.எல். தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. நம் வீடுகளில் தாலியை அடகு வைக்கச் செய்வது கொகெயின் அல்ல.

இருமல் மருந்தின் விலை

பிருத்வி ஷாவின் கதையை மட்டைபிடிக்கும் பையன்களின் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2019 பிப்ரவரி. பிருத்விக்கு வயது 19. இந்தியாவுக்காக முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர். இருமல் வந்தது. கடையில் ஒரு மருந்தை வாங்கிக் குடித்தார். அதில் டெர்புட்டலின் என்ற சரக்கு இருந்தது. மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்து அது. தடைப் பட்டியலில் இருப்பது. சோதனையில் தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று வாரியமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் எட்டு மாதத் தடை! டாக்டர் சீட்டோடு முன்கூட்டி அனுமதி கேட்டிருந்தால் வம்பே இல்லை. அதற்கு முன் யூசுப் பதானும் இதே மருந்தால் ஐந்து மாதம் வெளியில் இருந்தார்.

போதைக்கு ஒரு மாதம், இருமலுக்கு எட்டு மாதமா என்று கேட்பீர்கள். எனக்கும் அது சரியாகப் படவில்லை. பிருத்வியின் காலத்தில் புதிய விதி வரவில்லை என்பது உண்மை. வந்த பிறகும் இருமல் மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெரியவருக்குப் பதில்

டீக்கடைப் பெரியவரின் கேள்விக்கு இன்னும் பாதிப் பதில் பாக்கி இருக்கிறது.

நம் வீட்டுப் பையனுக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவன் சிறிய அளவோடு பிடிபட்டு, அரசாங்கம் நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாகவே சேர்ந்து சிகிச்சை பெற்றால், அவனை வழக்கிலிருந்து விடுவிக்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினால் சலுகை போய்விடும். விற்றவனுக்கு இது கிடையாது.

இதைச் சொன்னதும் பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கு தம்பி?" என்றார்.

அடையாறு இந்திரா நகரில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனை இருக்கிறது. 1980-ல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கியது. குடி, போதைப் பழக்கத்துக்கென்றே ஏற்பட்ட இடம். எந்த ஊரிலிருந்தும் 14446 என்ற எண்ணுக்கு போன் செய்து யோசனை கேட்கலாம். காசு கிடையாது. எண்ணைச் சொன்னேன். பெரியவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.