கீலில் மறைந்த செல்வம்

கம்போங் மேடானிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும் சாலைக்கு இடப்படும் கரும்பொருளைத் தமிழர் ‘தார்’ என்றே வழங்குகின்றனர். ஆனால் இன்று சாலைக்கு இடப்படுவது பெட்ரோலியத்தைச் சுத்திகரித்த பின் எஞ்சும் பிட்டுமன் ஆகும். நிலக்கரியிலிருந்து பிறக்கும் கீலும் தார் எனப்படும்.

நிலக்கரி சிலாங்கூருக்குப் புதியதன்று. ரவாங் அருகேயுள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை அது வெட்டியெடுக்கப்பட்டது. மலாய் மொழியில் அவ்வூர்ப் பெயரே நிலக்கரி என்று பொருள்படும். தமிழரும் சீனரும் தோண்டியெடுத்த அக்கரி புகைவண்டிகளையும் மின்சார நிலையங்களையும் ஈயச் சுரங்க இயந்திரங்களையும் இயக்கியது. அது பெரும்பாலும் எரிபொருளாகவே பயன்பட்டது.

நிலக்கரியை எரிப்பதால் இழப்பது யாது? அதனைக் காற்றுப் புகாத கலத்திலிட்டு 1,000 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேற்றினால் விடை கிடைக்கும். கல்கரி கலத்தில் தங்கும். ஆவியாகப் புறப்படுவதைக் குளிர்வித்தால் எரிவாயுவும் அம்மோனியா நீரும் கீலும் தனித்தனியே கிடைக்கும். ஒரு டன் நிலக்கரியில் கீல் ஏறக்குறைய 40 கிலோ. திறந்த அடுப்பில் இவையனைத்தும் தீயில் அழிந்துவிடும்.

கீல் ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலவை. சித்த மருத்துவர் வாலையிலிட்டு ஓமத் தீநீர் வடிப்பதை யாவரும் அறிவர். கீலையும் அவ்வாறே வடிப்பர். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வெப்பநிலையில் கொதிப்பதால், வெப்பம் ஏற ஏற ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். ஏறத்தாழ 170 பாகைக்குள் பென்சீனும் தொலுயீனும் அடங்கிய இலேசான எண்ணெய் வடியும். 230 பாகைக்குள் கார்பாலிக் அமிலமும், அந்துருண்டைக்குரிய நாப்தலீனும் வரும். 270 வரை வடிவது கிரியோசோட்டு எண்ணெய். இது இரயில் பாதைச் சிலிப்பர்க் கட்டைகளைக் கறையானிடமிருந்து காத்தது. 360 வரை வருவதில் அந்திரசீன் உண்டு. இறுதியில் எஞ்சுவது நிலக்கீல்.

வடித்தல் மட்டும் போதாது. கார்பாலிக் அமிலமும் நாப்தலீனும் கலந்தே வடிகின்றன. அவ்வெண்ணெயைக் குளிர்வித்தால் நாப்தலீன் பளிங்காக உறையும். எஞ்சிய எண்ணெயைக் காஸ்டிக் சோடாக் கரைசலுடன் கலக்கினால் கார்பாலிக் அமிலம் கரைசலிற் சேரும். பின்னர் வேறோர் அமிலத்தை ஊற்றி அதனை மீட்பர். 1865-இல் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் புண்ணில் சீழ் பிடியாதிருக்கப் பயன்படுத்தியது இதுவே.

1856-இல் பெர்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் மலேரியாவுக்குரிய கொயினாவைக் கீற்பொருளிலிருந்து ஆக்க முயன்றார். கிடைத்ததோ ஊதாச் சாயம். அதுமுதல் செயற்கைச் சாயத் தொழில் வளர்ந்தது. 1897-இல் ஜெர்மானியர் நாப்தலீனைத் தொடக்கமாகக் கொண்டு நீலச் சாயத்தைச் செய்து விற்கத் தொடங்கினர். விலையில் அதனோடு போட்டியிட இயலாமல் இந்தியாவின் அவுரிச் சாகுபடி நலிந்தது. தமிழகத்தில் தென்னார்க்காட்டு உழவரும் அவ்வடியைத் தாங்கினர். கடல் கடந்த ஆலையொன்றின் வாலை, உள்ளூர் வயலின் விலையை நிர்ணயித்தது.

அதே தென்னார்க்காட்டு மண்ணில்தான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. அங்கே 1960-களில் எழுந்த ஆலை ‘லெக்கோ’ என்னும் அடுப்புக்கரியைச் செய்ததோடு, உடன் வந்த கீலிலிருந்து கார்பாலிக் அமிலத்தையும் கிரிசாலையும் பிரித்தெடுத்தது. இலாபம் குன்றியதால் பின்னாளில் அவ்வாலையும் மூடப்பட்டது.

புகைவண்டியும் மின்சார நிலையமும் எண்ணெய்க்கு மாறியபோது பத்து ஆராங் சுரங்கம் வாங்குவோரை இழந்தது. இன்று இப்பொருள்களில் பல பெட்ரோலியத்திலிருந்தே செய்யப்படுகின்றன. மூலப்பொருள் மாறினும் முறை வாலை முறையே. மண்ணிற் கிடைப்பதை அப்படியே எரிக்கும் நாடு அதன் வெப்பத்தை மட்டுமே பெறும். பகுத்தெடுக்கக் கற்ற நாடு மருந்தும் சாயமும் சேர்த்துப் பெறும். அவுரி உழவர் இதனைத் தம் இழப்பினால் அறிந்தனர்.