மூன்று கொட்டேஷன், மூன்று அடுப்படி

சொந்த வீடு – 17

"ஏண்ணே, மூணு பேரும் இதே அடுப்படியத்தான அளந்துட்டுப் போனாங்க? பெறகு எப்படி மூணு வெலை?"

மார்க்கையன்கோட்டையில் தங்கச்சி கட்டிவரும் வீட்டில், இன்னும் கதவு மாட்டாத வாசலில் உட்கார்ந்து கேட்டாள். மடியில் மூன்று தாள்கள். சின்னமனூர் ஆசாரி டைரித் தாளில் எழுதிக் கொடுத்தது 1,12,000 ரூபாய். தேனிக் கடை அச்சடித்துக் கொடுத்தது 1,39,200. மதுரையிலிருந்து வந்த மாடுலர் கிச்சன் கம்பெனி, வண்ணப் படங்களோடு எட்டுப் பக்கம் அனுப்பியிருந்தது: 2,31,000. கூடுதலுக்கும் குறைச்சலுக்கும் நடுவில் 1,19,000 ரூபாய். மாப்பிள்ளை ஏற்கெனவே மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். "நடுவுல உள்ளவனுக்குக் குடுத்துருவோம் மச்சான். ரொம்பக் கம்மியும் இல்ல, ரொம்ப ஜாஸ்தியும் இல்ல."

நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் முடிவெடுக்கிறோம். நானும் 2017-ல் என் வீட்டுக்கு அப்படித்தான் எடுத்தேன். நடுவில் இருந்த கொட்டேஷன், நல்ல கடை, நல்ல பேச்சு. இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் சிங்க்குக்குக் கீழே இருந்த பெட்டி ஊதத் தொடங்கியது. குழாய் மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிந்த தண்ணீர்தான், வேறொன்றுமில்லை. பலகை ஊதியதும் கீலைப் பிடித்திருந்த திருகாணி நிற்கவில்லை. ஒரு நாள் காலை, குக்கரை எடுக்கக் குனிந்த என் மனைவியின் கால்மேல் கதவு கழன்று விழுந்தது. பழைய கொட்டேஷனைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "இன்ஜினியர்டு வுட்" என்று இரண்டே சொல். அது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த வாரக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த இரண்டு சொல்லால்தான்.

தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சுருக்கமானது. மூன்று பேரும் அளந்தது ஒரே அடுப்படி. விலை சொன்னது மூன்று வேறு அடுப்படிகளுக்கு.

முதலில் அளவைப் பிரித்துப் பார்த்தோம். 'எல்' வடிவத்தில் மேடை 16 அடி நீளம். மேடைக்குக் கீழே இரண்டரை அடி உயரம் என்றால் 40 சதுரடி. மேலே சுவரில் மாட்டும் பெட்டி 12 அடிக்கு இரண்டடி, 24 சதுரடி. அதற்கும் மேலே பரண் 16 அடிக்கு இரண்டடி, 32 சதுரடி. மொத்தம் 96. தேனிக் கடை இதைச் சதுரடி 1,450 ரூபாயால் பெருக்கியிருந்தது. கணக்கு சரி. ஆனால் பரணுக்குக் கான்கிரீட் ஸ்லாப் கொத்தனார் போட்டாகிவிட்டது. அங்கே பெட்டி கிடையாது, முன்பக்கக் கதவு மட்டும்தான். கதவுக்கும் பெட்டிக்கும் ஒரே விலையா என்று கேட்டதும் கடைக்காரர் தகராறு செய்யாமல், கதவு மட்டுமென்றால் 650 என்றார். 32 சதுரடிக்கு 46,400 என்று இருந்தது 20,800 ஆனது. ஒரு கேள்வியில் 25,600 ரூபாய். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். கேட்காதவருக்கு மொத்தச் சதுரடிக் கணக்குப் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்றும் இருந்தது. 18 சதவீதம். 1,39,200-க்கு அது 25,056 ரூபாய். மதுரைக்காரர்கள் சொன்ன தொகையில் வரியும் வண்டி வாடகையும் சேர்த்தி. ஆசாரியின் தாளில் வரியே இல்லை, கூடவே கீலும் இல்லை, கைப்பிடியும் இல்லை. "ஹார்டுவேர் பார்ட்டி சப்ளை" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தப் பார்ட்டி நாம்தான்.

இன்னொரு பெரிய விஷயம் மூன்று தாளிலுமே இல்லை: மேடையை யார் போடுவது? நம் ஊரில் கொத்தனார் கடப்பாக்கல்லை நிறுத்தி, ஸ்லாப் போட்டு, மேலே கிரானைட் பதித்துவிடுவார். ஆசாரி வந்து கீழே கதவு மாட்டுவார். மாடுலர் கம்பெனி மேடையே வேண்டாம் என்கிறது. பெட்டிகளை வரிசையாக வைத்து அவற்றின் தலைமேலேயே கிரானைட்டை உட்கார வைக்கிறது. அப்படியானால் மேடைச் செலவு அங்கே மிச்சம், ஆனால் கல்லின் பாரம் முழுவதையும் பலகை தாங்க வேண்டும். கல் யார் செலவு என்று கேட்டோம். "அது கஸ்டமர் ஸ்கோப் சார்" என்றார்கள்.

விலையை ஓரமாக வைத்துவிட்டு, நமக்கு என்ன வேண்டும் என்று நாமே ஒரு தாள் எழுதுவோம் என்றேன். அதையே மூன்று பேருக்கும் கொடுப்போம். பேனாவைத் தங்கச்சி கையில் கொடுத்தேன்.

மாடுலர் கிச்சனுக்கு மூலம் என்று சொல்லப்படும் சமையலறையும் இப்படித்தான் தொடங்கியது. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எளிய குடும்பங்களுக்குக் கட்டிய குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அதை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. ரயில் உணவுப் பெட்டியின் குறுகிய சமையலறையைப் பார்த்துப் படித்தார். சமைக்கிறவள் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் எத்தனை எட்டு வைக்கிறாள் என்று எண்ணிக் கணக்கெடுத்தார். அரிசி, சர்க்கரைக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள்; புழு வராமல் இருக்க மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். பெட்டி செய்வதற்கு முன்னால், பெட்டிக்குள் என்ன போகப்போகிறது என்று கேட்டிருக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்கு அந்தக் கதையில் முக்கியம்.

தங்கச்சி எழுதினாள். முல்லைப் பெரியாறு பாயும் இருபோகப் பூமி இது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரண்டு போகம் விளைகிறது. அவர்கள் வீட்டில் அரிசி பாக்கெட்டில் வருவதில்லை, சொந்த வயல் நெல்லை அரைத்து மூட்டையாக வருகிறது. எனவே 25 கிலோ ட்ரம் இரண்டு நிற்க, கீழ்த்தட்டு இல்லாத இடம். கிரைண்டரை நகர்த்தாமல் ஓட்ட மேடையில் இரண்டடி, பக்கத்திலேயே ப்ளக் பாயின்ட். சிலிண்டர் இரண்டு, காற்றுப் போக ஓட்டையோடு. மேடை உயரம் 34 அங்குலம் என்று மூன்று பேரும் போட்டிருந்தார்கள். அவள் உயரம் ஐந்தடி. அடுப்பு உயரத்தையும் அதன்மேல் பெரிய குக்கரையும் வைத்துப் பார்த்தால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. 32 என்று எழுதினாள். பரணில் பொங்கல் பானையும் அண்டாவும்தான் ஏறும், வருஷத்துக்கு இரண்டு தடவை திறப்பது, அதற்கு மெதுவாக மூடும் கீல் எதற்கு என்று அவளே கேட்டு அவளே அடித்தாள்.

உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் மாமியார் அப்போதுதான் பேசினார்.

"அம்மிக்கு எங்கத்தா எடம்?"

அரிவாள்மனையும் அம்மியும் அவருடையவை. மிக்ஸி இருந்தாலும் மீன் குழம்புக்கு மசாலா அம்மியில்தான். தங்கச்சி தாளின் கடைசியில் எழுதினாள்: அத்தை உட்கார்ந்து அரைக்க, ஜன்னல் ஓரமாகத் தரையோடு மூன்றடி, பெட்டி வேண்டாம்.

அடுத்து நான் என் பங்கை எழுதினேன். பலகை என்ன ரகம் என்று பெயர் வேண்டாம், நம்பர் வேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக ப்ளைவுட். ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடக்கூடாது என்பது சோதனை. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே இந்த நம்பரும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் நம்பரும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த லைசென்ஸ் நம்பரைப் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். வெறுமனே "வாட்டர்ப்ரூஃப்" என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

பாஸ்கெட் கம்பிக்கும் நம்பர்தான். ஸ்டீலில் 304, 202 என்று இரண்டு ரகம் புழங்குகிறது. ஒரு கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்றார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. 304-ல் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. மற்றதில் அதைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். புளியும் உப்பும் புழங்கும் இடத்தில் துரு முதலில் ஏறுவது அதில்தான். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, பில்லில் எழுதி வாங்கத்தான் முடியும்.

பிறகு மூன்று பேரிடமும் பலகையில் ஒரு துண்டு கேட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் பெரும்பாவூரில் ப்ளைவுட் ஆலைகள் நிறைய; ரப்பர் மரப் பலகை அங்கிருந்து நம் கடைகளுக்குத் தாராளமாக வருகிறது, நல்லதும் வரும், சுமாரானதும் வரும். துண்டு கொடுக்க யாரும் தயங்கவில்லை. ஆணியால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு கீறி அடையாளம் வைத்து, கொல்லையில் வெந்நீர் அண்டாவில் போட்டோம். தேங்காய் மட்டை அடுப்பு. காலை ஏழு மணிக்கு ஏற்றியது.

பதினோரு மணிக்கு மூன்று கோடு போட்ட மதுரைத் துண்டு தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு தடித்திருந்தது. அகப்பையால் தூக்கியபோது ஊறிய புண்ணாக்குப் போல நடுவில் பிட்டுக்கொண்டு விழுந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மற்ற இரண்டையும் எடுத்தோம். தேனித் துண்டின் ஓரத்தில் கத்தி நுனியை விட்டு நெம்பினேன், ஏடு பிரியவில்லை. ஆசாரி கொடுத்த துண்டு, நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி மூலையில் விரிந்துவிட்டது. அன்றைக்கு ஆசாரியும் வந்திருந்தார். சூடு ஆறும்வரை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடையில குடுத்ததத்தாண்ணே நானும் வாங்கிட்டு வந்தேன். இனிமே நம்பரப் பாத்து வாங்குவோம்" என்றார்.

நம்பர் பார்த்து வாங்கினால் எவ்வளவு கூடும் என்று அவரே கணக்குப் போட்டார். எங்களுக்குச் சொன்ன விலையில் சதுரடிக்கு 40 ரூபாய் வித்தியாசம். எட்டுக்கு நாலு ஷீட் 32 சதுரடி, ஷீட்டுக்கு 1,280. இந்த அடுப்படிக்கு 18 எம்.எம். ஷீட் பதினொன்று. ஆக 14,080 ரூபாய். என் வீட்டில் அந்தப் பெட்டிகளைப் பிய்த்துப் போட்டு மறுபடி செய்ய ஆன செலவு இதைப்போல ஐந்து மடங்கு.

தங்கச்சியின் தாளுக்கு மூன்று பேரும் புதிதாக விலை எழுதினார்கள். ஆசாரி 1,61,000, கீல், கைப்பிடி, பாஸ்கெட் எல்லாம் சேர்த்து. தேனிக் கடை வரியோடு 1,78,000. மதுரை 2,09,000. அக்ரிலிக் பளபளப்பை விட்டு மைக்காவுக்கு இறங்கியதில் அவர்களுடையது குறைந்தது, பலகை மாறியதில் கொஞ்சம் ஏறியது. 1,19,000 என்றிருந்த இடைவெளி 48,000-க்கு வந்துவிட்டது. இந்த 48,000-ஐப் பற்றித்தான் இனி யோசிக்க வேண்டும். இயந்திரத்தில் அறுத்து விளிம்பு ஒட்டிய சுத்தம், சொன்ன தேதிக்கு வந்து இரண்டே நாளில் மாட்டிவிட்டுப் போகும் வசதி, எழுத்தில் பத்து வருஷ வாரண்டி: மதுரைக்காரர்கள் தருவது இவற்றை. இவற்றுக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேலைக்குப் போகிற இருவர் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால் நான் அதையே சொல்லியிருப்பேன்.

அம்மி விஷயத்தை மூன்று பேரிடமும் கேட்டோம். மதுரைப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான், "அந்த சைஸ்ல மாட்யூல் கிடையாது சார், அந்த இடத்தைக் காலியா விட்டுடலாம்" என்று. தேனிக் கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஆசாரி டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மியின் நீளம், அகலம், உயரம் அளந்தார். பிறகு மாமியாரை அதன் முன்னால் உட்காரச் சொல்லி, குழவியைத் தள்ளும்போது முழங்கை எதுவரை போகிறது என்று சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சிங்க்குக்குக் கீழே மட்டும் பலகையே வேண்டாம், கடப்பாக்கல் தடுப்பு நிறுத்தி அலுமினியக் கதவு போடுவோம் என்றதும் அவர்தான்.

மாப்பிள்ளை 80,000 அட்வான்ஸ் கொடுத்தார். பலகை வந்து இறங்கியதும் முத்திரை நம்பரைப் பார்த்து 40,000. மீதி 41,000, முதல் போக அறுப்பு முடிந்து நெல் போட்ட பிறகு. ஆசாரி அந்த டைரித் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் குச்சனூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறதாம். அறுப்பு எப்போது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

(அடுத்த வாரம்: கிரானைட் வாங்கப் போனோம்)