நாய் ஏன் நாக்கைத் தொங்கவிடுகிறது?

சென்னையில் எங்கள் தெருவில், மே மாதப் பிற்பகல் ஒன்றில், ஒரு பையன் தன் நாயுடன் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். ‘பக்’ என்னும் சப்பை மூக்கு நாய். மணி நான்கரை. வெயில் தணிந்து கடற்காற்றும் வந்துவிட்டது. சற்று நேரத்தில் நாய் தள்ளாடி விழுந்தது. உடம்பு கொதிக்கிறதே என்று வீட்டார் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். ஈரத்துண்டை இறுகச் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். மறுநாள் அது இறந்துவிட்டது.

அவர்கள் அன்பில் குறை ஒன்றும் இல்லை. எங்கே தவறினார்கள் என்பதை, நீங்கள் வகுப்பில் படிக்கும் ஆவியாதலைக் கொண்டே விளக்கிவிடலாம்.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பெரும்பாலும் பாதங்களின் அடியில்தான் வியர்க்கும். அது வெப்பத்தைத் தணிக்கப் போதாது. ஆகவே மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரத்தை ஆவியாக்கித்தான் நாய் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. நாய் மூச்சிரைப்பது இதற்காகவே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகமாக மூச்சுவிடத் தசைகள் வேலை செய்ய வேண்டும். வேலை செய்தால் வெப்பம் உண்டாகும். அப்படியானால் இரைப்பதில் என்ன லாபம்? ஊஞ்சலை அதன் இயல்பான அலைவுக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையே போதும் அல்லவா? நாயின் மார்புக்கூட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு; விநாடிக்குச் சுமார் ஐந்து. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 20, 30 தடவை மூச்சுவிடும் நாய், வெப்பம் மிகுந்ததும் படிப்படியாக ஏறாமல் ஒரேயடியாக 300க்கு மேல் தாவிவிடுகிறது. 1962இல் கிராஃபோர்டு என்பவர் இதை அளந்து காட்டினார். ஒத்ததிர்வைப் பாடமாகப் படிக்காமலே நாய் பயன்படுத்துகிறது!

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடும் காற்றின் ஈரத்துக்கு முன்னால் தோற்றுப்போகும். கணக்கைப் பாருங்கள். நாயின் வாயிலிருந்து 38 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்து வெளிவரும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 46 கிராம் நீராவி இருக்கும். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், உள்ளே போன காற்றில் இருந்தது 10 கிராம். ஆக 36 கிராம் வெளியேறுகிறது. வெளியே 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், உள்ளே போன காற்றிலேயே 28 கிராம் உண்டு. வெளியேறுவது 18 கிராம்தான். வெயில் குறைந்தும் குளிர்ச்சி பாதியாகிவிட்டது. நமக்கு இதமான கடற்காற்று நாய்க்கு அவ்வளவு உதவாததற்கு இதுவே காரணம். பக் போன்ற நாய்களுக்கு மூக்கின் உட்பரப்பு குறைவு, மூச்சுப் பாதையும் குறுகல். ஆட்டத்தில் தசைகள் தரும் வெப்பம் வேறு.

நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி வரை. ஆகவே தொட்டால் சூடாக இருப்பது நோயல்ல. 41 டிகிரியைத் தாண்டினால்தான் ஆபத்து: குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் கெடும்; இரத்தம் உறையும் முறையும் குலையும். இதுதான் வெப்பத் தாக்கு. கெட்டியாக எச்சில் வடிதல், ஈறு கருஞ்சிவப்பாதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள்.

இது காய்ச்சல் அல்ல. காய்ச்சலில் மூளையே உடல் வெப்பநிலையின் அளவை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அதை இறக்குகிறது. இங்கே மூளை குளிர்விக்கத்தான் போராடுகிறது. வெப்பம் வெளியேற வழியில்லை. மாத்திரையால் பயனில்லை. மனிதருக்கான சில மாத்திரைகள் நாய்க்கு நஞ்சுங்கூட. சுற்றிவைத்த ஈரத்துண்டோ சீக்கிரமே சூடேறி, ஆவியாதலைத் தடுக்கும் போர்வையாகிவிடுகிறது.

மூடிய காரும் அப்படித்தான். 2005இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்தபோதும் வெயிலில் நின்ற கார்களின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக இன்னும் 22 டிகிரி ஏறியது. அதில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தும் பெரிய பயனில்லை.

நாய் விழுந்துவிட்டால் முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டி ஏற்றுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடல் முழுதும், முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே இருங்கள். குழாய் நீர் 30 டிகிரி இருந்தாலும் நாயைவிட 11 டிகிரி குளிர்ந்ததுதான். மின்விசிறி இருந்தால் அதன் எதிரே கிடத்துங்கள். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எழுந்து வாலை ஆட்டினாலும் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு ஓரிரு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.