குழந்தைக்குக் காது கேட்கிறதா? பெற்றோர் கவனிக்க வேண்டியவை

எங்கள் செவித்திறன் பரிசோதனைப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் ஏறத்தாழ ஒன்றையே கூறுகின்றனர்: "கைக்குழந்தையாக இருந்தபோது நன்றாகச் சிரித்தான், சத்தம் போட்டான். இரண்டு வயதாகியும் பேசவில்லை என்றபோதுதான் சந்தேகம் வந்தது." அதுவரை வீட்டுப் பெரியவர்கள், "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அன்பினால் சொல்லப்படும் அந்த ஆறுதலால் திரும்பக் கிடைக்காத மாதங்கள் கடந்துவிடுகின்றன.

கேட்கும் திறன் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியா, கர்ப்பகாலத்தின் நடுப்பகுதியிலேயே முழு அளவை எட்டுகிறது. ஏழாம் மாத வாக்கில் கருவிலுள்ள சிசு ஒலிக்கு அசைந்து கொடுக்கிறது. ஆகவே, பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை மற்றவர் குரலிலிருந்து குழந்தையால் பிரித்தறிய முடிகிறது.

அதன்பின் வளர்ச்சி பொதுவாகப் பின்வருமாறு அமையும்:

3 மாதம் வரை: பெரிய ஓசைக்குத் திடுக்கிடும். பழகிய குரல் கேட்டால் அழுகை தணியும்.

4 முதல் 6 மாதம்: ஓசை வரும் திசையில் கண்ணைத் திருப்பும். கிலுகிலுப்பையின் ஒலியை விரும்பிக் கேட்கும்.

7 முதல் 12 மாதம்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். "பாபா", "மாமா" என ஒலிகளை அடுக்கி மழலை பேசும். "வா", "டாட்டா" போன்ற சொற்களைப் புரிந்துகொள்ளும். ஓராண்டு நிறைவையொட்டி முதல் சொல் பிறக்கும்.

18 மாதம்: "மூக்கு எங்கே?" என்று கேட்டால் தொட்டுக் காட்டும்.

2 வயது: "பால் வேணும்" என்பதுபோல் இரு சொற்களைச் சேர்த்துப் பேசும்.

பெற்றோர் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் அழும், சிரிக்கும், குரல் எழுப்பும். ஏறத்தாழ ஆறு மாதத்திற்குப் பிறகுதான் வேறுபாடு தெரியத் தொடங்கும். கேட்கும் குழந்தையின் மழலை நாளுக்கு நாள் பெருகும். கேளாத குழந்தையிடம் அது வளராமல் நின்றுவிடலாம். வீட்டில் கைதட்டிப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனையன்று. கையசைவைக் கண்டோ, தரையின் அதிர்வை உணர்ந்தோ குழந்தை திரும்பக்கூடும். பாத்திரம் விழும் ஓசை கேட்கும் குழந்தைக்கு மெல்லிய பேச்சொலி கேட்காமலிருக்கவும் கூடும்.

முதல் மூன்று ஆண்டுகளில் மூளை, தான் கேட்கும் ஒலிகளைக் கொண்டே பேச்சுமொழியைக் கற்கிறது. எனவே 1 மாதத்திற்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்திற்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்பதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. ஓ.ஏ.இ., பெரா ஆகிய பரிசோதனைகள் வலியற்றவை. குழந்தை உறங்கும்போதே செய்யப்படுபவை.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், கடும் மஞ்சள் காமாலை அல்லது மூளையுறை அழற்சிக்கு ஆளானவர்கள், கர்ப்பகாலத்தில் ருபெல்லா தாக்கிய தாய்மாரின் குழந்தைகள், நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைகள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் தேவை. பிறந்தபோது பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னர் கேள்விக்குறைவு ஏற்படலாம் என்பதால், மேற்கூறிய படிநிலைகளைத் தொடர்ந்து கவனித்து வாருங்கள்.

குறைபாடு உறுதியானாலும் மனம் தளர வேண்டியதில்லை. காதொலிக் கருவி, காக்ளியர் கருவி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை உரிய காலத்தில் தொடங்கினால், குழந்தைகள் பேசவும் பள்ளியில் பயிலவும் நல்ல வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியுடைய சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவைச் சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் முகம் பார்த்துப் பேசுங்கள், தாலாட்டுப் பாடுங்கள். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். சிறு ஐயம் எழுந்தாலும், "இன்னும் சில மாதம் பார்ப்போம்" என்று காத்திராமல் குழந்தையை அழைத்து வாருங்கள். ஐயம் தவறென்று தெரிந்தால் உங்களுடன் சேர்ந்து நாங்களும் மகிழ்வோம். சரியென்று தெரிந்தால் அன்றே சிகிச்சைக்கு வழி செய்வோம்.