இரவை அளக்கும் செவ்வந்தி

மாணவர்களே, கேமரன் மலைக்கு இரவில் போனதுண்டா? மலைச்சரிவில் உள்ள பூந்தோட்டக் கொட்டகைகளில் வரிசையாக விளக்குகள் எரியும். திருடனுக்குப் பயந்து போட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வந்திச் செடிகள் அவசரப்பட்டுப் பூத்துவிடாமல் தடுக்கவே அந்த வெளிச்சம்!

பூ விற்பவரே பூப்பதைத் தடுப்பதா? முதலில் ஜப்பானைப் பார்ப்போம். அங்கே வெட்டவெளியில் வளரும் இலையுதிர்காலச் செவ்வந்தி, இரவு குறுகிய கோடையில் இலைகளையும் கிளைகளையும் வளர்க்கும். கோடை முடிந்து இரவு நீளத் தொடங்கியதும் மொட்டு வைக்கும். இலையுதிர்காலத்தில் மஞ்சள், வெள்ளை, ஊதா எனத் தோட்டமே நிறம் மாறிவிடும்.

பகலிரவு நீளத்துக்கேற்பத் தாவரங்கள் பூப்பதை 1920இல் அமெரிக்க அறிவியலாளர்கள் கார்னரும் அல்லார்டும் விளக்கினர். செவ்வந்தியைக் 'குறும்பகல் தாவரம்' என்பார்கள். ஆனால் அது அளப்பது இரவைத்தான். இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி, சிவப்பு ஒளி பட்டால் செயல்படும் வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நள்ளிரவில் விளக்கைப் போட்டால், நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடைந்துவிடும். 'இன்னும் கோடைதான்' என்று செடி ஏமாந்துபோகும்.

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். செவ்வந்திக்கு அதுவே நீண்ட இரவு. அப்படியே விட்டால் குட்டையாக இருக்கும்போதே மொட்டு வைத்துவிடும். காம்பு நீளமில்லாத பூவைக் கொத்தாகக் கட்டி விற்க முடியாது. அதனால் செடி உயரும்வரை இரவில் விளக்கு எரியும், பிறகு அணைத்துவிடுவார்கள்.

என் வீட்டிலும் ஒரு கதை உண்டு. தீபாவளிக்கு வாங்கிய செவ்வந்தித் தொட்டியை, பூ உதிர்ந்தபின் வாசல் விளக்கடியில் வைத்தோம். மாதக்கணக்கில் வெறும் இலைதான். "உரம் போதவில்லை" என்றார் அம்மா. தொட்டியை இருட்டான கொல்லைப்புறத்துக்கு மாற்றினேன். சில வாரங்களில் மொட்டு வந்தது. "பார்த்தீர்களா, விளக்குதான் காரணம்!" என்று பெருமைப்பட்டேன்.

நான் செய்தது சரியான ஆய்வா? இல்லை. இடத்தோடு வெயிலும் காற்றும் மாறியிருக்குமே! நீங்கள் திருத்திச் செய்யுங்கள். மொட்டில்லாத, ஒரே வகைச் செடிகள் இரண்டு எடுங்கள். பகலில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இரவில் ஒன்று விளக்கடியில், மற்றொன்று இருட்டில். தற்சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

மொட்டு வரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.