சிரிப்பூட்டும் வாயு

இப்பெயரைச் சொன்னதும் வகுப்பில் மாணவர் சிரித்துவிடுகின்றனர். பெயர் செய்த வினை அது. வேடிக்கைப் பொருளென்று எண்ணியே உலகமும் இதனை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. அக்காலமெல்லாம் நோயாளிகளை நினைவோடு இருக்கும்போதே அறுத்தனர்.

நைட்ரஸ் ஆக்சைடு என்பது இதன் இரசாயனப் பெயர். நிறமற்றது, இலேசான இனிப்பு மணமுடையது. 1772-ல் பிரீஸ்ட்லி இதனைக் கண்டறிந்தார். 1800-ல் ஹம்ப்ரி டேவி, தாமே முகர்ந்து பார்த்து, இரண சிகிச்சையில் வலியைப் போக்க இது பயன்படக்கூடும் என்று எழுதினார். எழுத்து ஏட்டோடு நின்றது.

1844-ல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் ஒரு கேளிக்கைக் காட்சி நடந்தது. வாயுவை முகர்ந்து துள்ளிய ஒருவர் காலைக் காயப்படுத்திக்கொண்டார், ஆயினும் நோவறியவில்லை. அங்கிருந்த ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர் இதைக் கவனித்தார். மறுநாளே தாம் வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்தார், வலியில்லை. 1845-ல் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணாக்கர் முன்னிலையில் செய்துகாட்டியபோது, வாயுப் பையை முன்னதாகவே அகற்றிவிட்டமையால் நோயாளி கூவிவிட்டார். அவையோர் எள்ளி நகைத்தனர். 1846-ல் அதே நகரில் மார்ட்டன் ஈதரைக் கொண்டு புகழ் பெற்றார். வெல்ஸ் மனமுடைந்து 1848-ல் மறைந்தார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவருடைய உரிமையை ஏற்றது 1864-ல்தான். ஒரே சோதனையைக் கொண்டு ஒருவரைத் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டாகையால் இதனைச் சற்று விரித்தேன்.

உண்மையில் இவ்வாயு வலிமை குறைந்தது. தனியே கொடுத்து ஆழ்ந்த உறக்கம் உண்டாக்க முயன்றால் பிராணவாயுவுக்கு இடமிராது. எனவே 1868-ல் சிகாகோவின் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் பிராணவாயுவைக் கலந்து தந்தார். இன்று பிரசவ வேதனைக்கு இரண்டும் பாதிக்குப் பாதி தரப்படுகின்றன. முகமூடியைத் தாயே பிடித்துக்கொள்வாள். மயக்கம் மிகுந்தால் கை தானே தளர்ந்து விலகிவிடும். இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரைவதால், விரைவில் வேலை செய்து விரைவில் நீங்குகிறது. பல் சிகிச்சைக்கும் ஏற்றதே. இங்கெல்லாம் நோயாளி உறங்குவதில்லை. ஆகவே 'மயக்க மருந்து' என்பதைவிட 'நோவடக்கி' என்பதே இதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பெரிய அறுவையில் பிற மருந்துகளுக்குத் துணையாக மட்டுமே நிற்கும்.

நெஞ்சுக்கூட்டில் காற்றுத் தேங்கியவருக்கு இதனைத் தரலாகாது. தேங்கிய காற்றுக்குள் புகுந்து அதனைப் பெருக்கிவிடும். பாலேடு நுரைக்க விற்கும் சிறு குப்பிகளிலிருந்து இளைஞர் இதனை முகர்வதும் இப்போது காணப்படுகிறது. அடிக்கடி முகர்ந்தால் பி-12 வைட்டமின் செயலிழந்து, நரம்பு கெட்டு, கால் மரத்துப்போகும், நடையும் தள்ளாடும்.